நீதியரசர் குமாரசுவாமி சாஸ்திரியார்: சமணர் மறக்கலாகாத ஒரு பெயர்

மகாவீரப் பெருமானின் பிறந்தநாள் விழா மலரில் ஆசாரியர்கள், அறவோர், புலவர் பெருமக்கள் ஆகியோரின் வரலாறுகள் இடம்பெறுவது மரபு. அவ்வரிசையில் இம்முறை அருக நெறியைச் சாராத ஒருவரின் வாழ்வைக் கூற முற்படுகின்றோம். அவர் வைதிக அந்தணர் குடியிற் பிறந்தவர். வடமொழியில் ஆழ்ந்த புலமை வாய்ந்தவர். 1914ஆம் ஆண்டு முதல் 1930ஆம் ஆண்டு வரை சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கியவர். அந்நீதிமன்றத்தின் பொறுப்புத் தலைமை நீதிபதியாகவும் அமர்ந்தவர். அவரே சர் சி. வி. குமாரசுவாமி சாஸ்திரியார்.

இந்திய விடுதலை வரலாற்றைக் கற்றோர் இப்பெயரைக் கேட்டவுடன் முகம் சுளிப்பர். நாடு முழுவதும் வெறுத்த ரௌலட் சட்டத்திற்கு அடிகோலிய குழுவில் உறுப்பினராயிருந்த இந்தியர் இருவருள் அவர் ஒருவர். அவ்வுண்மையை மறைத்து அவருக்குப் புகழ்மாலை சூட்டுவது நம் நோக்கமன்று. வாய்மை நம் ஐந்து விரதங்களுள் ஒன்று. ஆயினும் அதே மனிதர், அதே நீதிமன்றத்தில் அமர்ந்து, சமணம் வைதிக நெறியினின்று பிரிந்த கிளை என்னும் நெடுநாட் பிழையை வெளிப்படையாக எடுத்துரைத்தார். சமணர் எவரும் கேட்டுப் பெறாத அந்நேர்மையை நாம் மறத்தல் தகாது. ஒரு பொருளைப் பல கோணங்களில் நோக்கக் கற்பித்த அநேகாந்தக் கொள்கை, ஒரு மனிதரின் வாழ்வை நோக்கவும் நமக்கு வழிகாட்டுமன்றோ!

பாட்டனாரின் பெருமை

சாஸ்திரியார் 1870ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய பாட்டனார் சி. வி. ரங்கநாத சாஸ்திரியார், சென்னை நகர் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண்ட பன்மொழிப் பேரறிஞர்களுள் ஒருவர். அவரது இளமைக்கால நிகழ்ச்சியொன்று அக்காலத்து மக்களிடையே பெரிதும் பேசப்பட்டது.

ரங்கநாத சாஸ்திரியாரின் தந்தையார் குத்தகைக்கு எடுத்த நிலத்திற்குரிய தொகையைச் செலுத்த இயலாமற் சித்தூரில் சிறைப்பட்டார். வீட்டிலோ முன்னோர்க்குரிய ஆண்டுத் திதி நெருங்கிவிட்டது. அப்போது ஏறத்தாழப் பன்னிரண்டு வயதே நிரம்பிய சிறுவன், சித்தூர் நீதிபதியாயிருந்த கசமேஜர் என்னும் ஆங்கிலேயர்முன் சென்று நின்றான். திதி முடியும்வரை தந்தையை விடுவிக்குமாறும், அதுவரை தந்தைக்கு ஈடாகத் தன்னைச் சிறையில் வைத்துக்கொள்ளுமாறும் வேண்டினான். சிறுவனின் துணிவும் தந்தைபாற் கொண்ட அன்பும் நீதிபதியின் உள்ளத்தை உருக்கின. தந்தைக்கு விடுதலை கிடைத்தது. சிறுவனுக்கு ஆங்கிலக் கல்வி பெறும் வாய்ப்பும் அமைந்தது.

அச்சிறுவன் வளர்ந்து, கீழை மொழிகளும் மேலை மொழிகளுமாகப் பலவற்றைக் கற்றுத் தேர்ந்து, சென்னையில் அந்நாளில் இயங்கிய உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். பின்னர்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியாக உயர்ந்தார். இந்தியர் அத்தகைய பதவிகளை எட்டுவது மிக அரிதாயிருந்த காலம் அது. 1881ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது பெயரனுக்கு வயது பதினொன்று. சட்டமும் மொழிப்புலமையும் குடும்பச் செல்வமாகவே குமாரசுவாமியாரை வந்தடைந்தன.

இந்நிகழ்ச்சியை இவ்வளவு விரிவாகக் கூறியதற்குக் காரணம் உண்டு. முன்னோர்க்கு மைந்தன் ஆற்றும் திதி என்னும் சடங்கே அக்குடும்பத்தின் உயர்வுக்குத் தொடக்கமாயிற்று. அச்சடங்கில் நம்பிக்கையில்லாத ஒரு சமயத்தாரின் உரிமையைப் பற்றிப் பேசும் கடமை பிற்காலத்தில் பெயரனுக்கு வாய்த்தது.

வழக்கறிஞரும் நீதிபதியும்

குமாரசுவாமியார் சென்னையிற் பயின்று, சட்டத் தேர்வில் வெற்றி பெற்று, 1890களில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். சென்னை உயர் நீதிமன்றம் இன்றும் இயங்கிவரும் செந்நிறக் கட்டடத்திற்கு 1892ஆம் ஆண்டுதான் குடிபுகுந்திருந்தது. திருவாரூர் முத்துசுவாமி ஐயர் அந்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக அமர்ந்து பெரும்புகழ் ஈட்டியிருந்தார். அவரைப் பின்பற்றிச் சுப்பிரமணிய ஐயர், சங்கரன் நாயர் முதலியோர் அவ்விருக்கையை அடைந்தனர். அவர்கள் வகுத்த பாதையில், நீதித்துறைப் பதவிகள் சிலவற்றை வகித்தபின் 1914ஆம் ஆண்டு குமாரசுவாமியாரும் உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

மேல்முறையீட்டு நீதிபதியின் பணி வெளியார்க்கு எளிதிற் புலப்படாதது. சாட்சிகளை நேரிற் கண்டு வினவும் வாய்ப்பு அவர்க்குப் பெரும்பாலும் இல்லை. கீழ் நீதிமன்றத்தில் எழுதப்பட்ட ஏடுகளே அவர் முன்னிருப்பவை. அங்கே நிகழ்ந்த தவறு யாது, சட்டத்தைப் பொருள்கொண்டதிற் பிழையுண்டா, நிறுவ வேண்டியதை நிறுவ வேண்டியவர் நிறுவினாரா என ஆராய்வதே அவர் தொழில். இவற்றுள் இறுதியாகக் கூறியதைச் சட்டத்தார் மெய்ப்பிக்கும் பொறுப்பு என்பர். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினும் வழக்குகளின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அதனைச் சார்ந்தே அமையும். இருதரப்பாரிடமும் போதிய சான்று இல்லாதபோது, மெய்ப்பிக்கும் சுமை யார் தோளில் ஏற்றப்பட்டதோ அவரே தோற்பார். சாஸ்திரியாரின் வாழ்வில் நாட்டுக்கு இழைத்த தவறும் நமக்குச் செய்த நன்மையும் ஆகிய இரண்டும் இச்சுமையைப் பற்றியவையாகவே அமைந்தன.

ரௌலட் குழு

1917ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. புரட்சி இயக்கங்களோடு தொடர்புடைய சதிச்செயல்களை ஆராய்வதும், அவற்றை அடக்கத் தேவையான சட்டங்களைப் பரிந்துரைப்பதும் அதன் பணிகள். உலகப்போரை முன்னிட்டு 1915இல் இயற்றிய இந்தியப் பாதுகாப்புச் சட்டம் போர் முடிந்தபின் நெடுநாள் நில்லாது. அது போனபின் என் செய்வது என்பதே அரசின் கவலை. இங்கிலாந்து நீதிபதி சிட்னி ரௌலட் தலைவர். பம்பாய்த் தலைமை நீதிபதி பேசில் ஸ்காட், ஐக்கிய மாகாண வருவாய்த் துறையைச் சார்ந்த வெர்னி லவெட், கல்கத்தா வழக்கறிஞர் பிரபாஸ் சந்திர மித்தர், சென்னை நீதிபதி குமாரசுவாமி சாஸ்திரியார் ஆகியோர் உறுப்பினர்.

குழுவின் அமர்வுகள் பெரும்பாலும் கல்கத்தாவிலும் சில இலாகூரிலும் மூடிய கதவுகளுக்குள் நிகழ்ந்தன. வங்கம், பஞ்சாபு முதலிய மாகாணங்களின் நிகழ்ச்சிகளோடு தென்னாட்டில் 1908இல் எழுந்த திருநெல்வேலிக் கலகமும், 1911இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் கொலையுண்டதும் அறிக்கையில் இடம்பெற்றன. 1918 ஏப்ரலில் அறிக்கை அரசிடம் அளிக்கப்பட்டது. ஐவரும் ஒருமனதாகக் கையொப்பமிட்டனர்.

அதன் பரிந்துரைகளை அடியொற்றி எழுந்ததே 1919 மார்ச்சு மாதத்தில் நிறைவேறிய சட்டம். நடுவர் குழுவின்றி மூன்று நீதிபதிகளே குற்றவாளியை விசாரிக்கலாம், அவர்கள் தீர்ப்பே முடிந்த முடிபு, மேல்முறையீடு கிடையாது. ஐயத்திற்கு உரியவர் எனக் கருதப்பட்டவரை ஓரிடத்தில் தங்குமாறு கட்டுப்படுத்தலாம், பிணை கேட்கலாம். அவரது நிலையை ஆராயும் குழுவின்முன் அவர் வழக்கறிஞரைத் துணைக்கொள்ள உரிமையில்லை. சுருங்கக் கூறின், குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை அரசின் தோளிலிருந்து இறங்கிற்று. தன் தூய்மையை மெய்ப்பிக்கும் சுமை குடிமகன் தோளில் ஏறிற்று. வாழ்நாளெல்லாம் மேல்முறையீடுகளைக் கேட்டுக் கீழ் நீதிமன்றங்களின் பிழைகளைத் திருத்திவந்த நீதிபதியொருவர், மேல்முறையீடே இல்லாத நீதிமன்றத்திற்கு வழி வகுத்த அறிக்கையில் கையொப்பமிட்டார் என்பது எண்ணுந்தோறும் வருத்தந் தருவதாகும்.

சட்டமன்றத்தில் அதிகாரிகளல்லாத இந்திய உறுப்பினர் இச்சட்டத்தை எதிர்த்தனர். எதிர்த்துப் பேசியவருள் தலைசிறந்தவர் வேறொரு சாஸ்திரியார், வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். மாளவியா, ஜின்னா, மசருல் ஹக் ஆகியோர் பதவி துறந்தனர். சென்னை உயர் நீதிமன்றத்தில் முன்னர் நீதிபதிகளாயிருந்த இருவரும் அக்காலத்தில் வேறு வழியில் நின்றதைக் காண்கின்றோம். ஓய்வு பெற்ற சுப்பிரமணிய ஐயர், ஹோம் ரூல் இயக்கத்தில் ஈடுபட்டுத் தம் சர் பட்டத்தைத் துறந்தார். வைசிராயின் நிர்வாக சபையில் அமர்ந்திருந்த சங்கரன் நாயர், பஞ்சாபுக் கொடுமைகளைக் கண்டு 1919இல் அப்பெரும்பதவியை விடுத்தார். குமாரசுவாமியாரின் மணவழி உறவினரான சி. பி. இராமசுவாமி ஐயர் அந்நாளில் அன்னி பெசன்டின் இயக்கத்தில் முன்னணியில் நின்றார். ஆகவே வேறு வழியைக் காட்டுவார் இல்லாமையால் அவர் அவ்வழியில் சென்றார் என்று கூற இயலாது.

சட்டம் நிறைவேறிய நாட்களில் காந்தியடிகள் சென்னையில் இருந்தார். கதீட்ரல் சாலையில் கஸ்தூரிரங்க ஐயங்கார்க்குரிய இல்லத்தில், இராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தார். நாடு முழுவதும் ஒருநாள் தொழிலை நிறுத்தி நோன்பும் வழிபாடும் மேற்கொள்ளலாம் என்னும் எண்ணம் அங்கேதான், அரைத்தூக்கமும் அரைவிழிப்புமான ஒரு விடியற்காலையில், அடிகள் உள்ளத்தில் உதித்தது. நோன்பையும் கொல்லாமையையும் அரசியற் படைக்கலமாக்கிய அவ்வடிகளுக்கு இளமையில் ஐயந்தெளிவித்து வழிகாட்டியவர் சமணப் பெரியாரான ஸ்ரீமத் ராஜசந்திரர் என்பதை நாம் அறிவோம். ஏப்ரல் 6ஆம் நாள் சென்னைக் கடற்கரை மக்கள் வெள்ளத்தால் நிரம்பிற்று. உயர் நீதிமன்றத்திற்கும் அக்கடற்கரைக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. ஏழு நாட்கள் கழித்து அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக்கில் குண்டுகள் பொழிந்தன. அரசின் கணக்கிலேயே 379 உயிர்கள் மாய்ந்தன.

அச்சட்டம் ஒருமுறையேனும் செயற்படுத்தப்படாமல் 1922இல் நீக்கப்பட்டது. ஆயினும் அதன் பெயரும் அதற்கு வித்திட்டவர் பெயரும் வரலாற்றினின்று நீங்கவில்லை.

சமணர்க்கு நேர்ந்த சிக்கல்

இனி நம் சமயத்தைப் பற்றிய பகுதிக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் திருமணம், தத்து, வாரிசுரிமை, பாகப்பிரிவினை ஆகியவற்றில் இந்துக்களுக்கு இந்துச் சட்டமும் முகமதியர்க்கு முகமதியச் சட்டமும் உரியவை எனக் கொள்ளப்பட்டன. சமணரை எவ்வகையிற் சேர்ப்பது? 1873ஆம் ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி வெஸ்ட்ராப், சமணர் இந்து சமயத்தினின்று கருத்து வேறுபட்டுப் பிரிந்தவரே எனவும், தனி வழக்காறு நிறுவப்பட்டாலன்றி இந்துச் சட்டமே அவர்க்கு உரியது எனவும் கொண்டார். 1870களின் இறுதியில் இலண்டன் பிரிவி கவுன்சிலும் இக்கொள்கையையே உறுதிசெய்தது. வழக்காற்றைச் சான்றுகளால் நிறுவினால் அதற்கு மதிப்பளிக்கப்படும். நிறுவவியலாவிடில் மிதாட்சரமே சட்டம்.

இதன் விளைவு யாது? பிள்ளையில்லாமற் கணவனை இழந்த சமணப் பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். அக்கால இந்துச் சட்டப்படி கணவன் சொத்தை அவள் வாழ்நாள்வரை ஆளலாமேயன்றி விருப்பம்போல் விற்கவோ வழங்கவோ இயலாது. அவள் ஒரு மகனைத் தத்தெடுக்க விரும்பினால், தென்னாட்டில் கணவன் முன்பே தந்த இசைவோ, அஃதில்லையேல் கணவன் வழிப் பங்காளிகளின் இசைவோ வேண்டும். பங்காளிகளோ, தத்துப்பிள்ளை வாராவிடில் சொத்து தமக்கே சேருமென்று காத்திருப்பவர்.

வைதிக நெறியில் இக்கட்டுப்பாட்டிற்கு ஒரு காரணம் கூறலாம். தத்துப்பிள்ளை இறந்தவர்க்குப் பிண்டமிட்டு நற்கதி சேர்ப்பவன். ஆகவே இறந்தவர் இசைவு வேண்டும் என்பர். அருக நெறியிலோ ஒருவர் செய்த வினையின் பயனை அவரே நுகர்வர். மைந்தன் இடும் பிண்டம் தந்தையை வீடுபேற்றில் சேர்க்கும் என்னும் கொள்கை நமக்கில்லை. நமக்குத் தத்து என்பது குடும்பமும் சொத்தும் தொடர்வதற்கான உலகியல் ஏற்பாடு. சமணச் சட்ட நூல்கள் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் முழு உரிமையையும், தானே தத்தெடுக்கும் உரிமையையும் வழங்கியமைக்கு இதுவே அடிப்படை. காரணம் இல்லாத இடத்தில் கட்டுப்பாடு மட்டும் வந்து அமர்ந்தது.

வடநாட்டுச் சமணரிற் சிலர் பல நகரங்களிலிருந்து சாட்சிகளைத் திரட்டித் தம் வழக்காற்றை நிறுவி வெற்றி கண்டனர். 1878ஆம் ஆண்டுப் பிரிவி கவுன்சில் தீர்ப்பொன்று அவ்வாறு கிடைத்ததே. பெருவணிகர்க்கு அது இயலும். சிற்றூரிற் சில காணி நிலத்தோடு வாழும் கைம்பெண் எங்கே சென்று சாட்சி தேடுவாள்? வழக்காறு உண்மையில் இருந்தும், அதனை மெய்ப்பிக்கும் சுமையைத் தாங்கமாட்டாமல் உரிமையிழந்தோர் எத்தனை பேரோ!

இன்னுமொரு செய்தி நோக்கத்தக்கது. சமணம் தனித்தொன்மை உடையது என்பதை மேலைநாட்டு அறிஞர் உலகிற்கு நிறுவிய ஹெர்மன் யாக்கோபியின் கல்பசூத்திரப் பதிப்பு 1879இலும், ஆகமங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பின் முதற்பகுதி 1884இலும் வெளிவந்தன. அதற்கு முன்னரே நீதிமன்றங்கள் தம் முடிவை எழுதிவிட்டன. ஆராய்ச்சி தன் கருத்தைத் திருத்திக்கொண்டது. முன்தீர்ப்புகளோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுப் பழைய பிழையின்மீதே சுவரெழுப்பின.

சமணர் வாளாவிருக்கவில்லை. இந்தூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கிய ஜே. எல். ஜைனி, பத்திரபாகு சங்கிதையை 1916இல் சமணச் சட்டம் என்னும் பெயரில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1926இல் பாரிஸ்டர் சம்பத்ராய் ஜெயின் சமணச் சட்டம் பற்றிய நூலொன்றை வழங்கினார். நம் தமிழகத்தில் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார், பஞ்சாஸ்திகாயத்தை 1920இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நம் தத்துவத்தை அறிஞருலகிற்கு உணர்த்தினார்.

1927இல் ஒலித்த குரல்

இந்நிலையில் சமணக் குடும்பமொன்றின் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில் சாஸ்திரியார்முன் வந்தது. கட்டெப்பா எதிர் எரம்மா எனச் சட்ட நூல்களில் வழங்கும் அவ்வழக்கின் தீர்ப்பு 1927ஆம் ஆண்டுத் திரட்டில் இடம்பெற்றுள்ளது. அப்போது அவர் பொறுப்புத் தலைமை நீதிபதி.

பழைய தீர்ப்புகளைச் சுட்டி, சமணர்க்கும் இந்துச் சட்டமே எனச் சில வரிகளில் முடித்திருக்கலாம். அங்ஙனம் செய்திருப்பின் எவரும் குறை கூறியிரார். அவரோ வேறு வழியிற் சென்றார். இப்பொருள் இதுவரை தீர்க்கப்படாத புதுப்பொருளாயிருந்தால் தாம் யாது முடிவு செய்திருப்பார் என்பதை வெளிப்படையாக எழுதினார். சமணர் இந்து சமயத்தினின்று பிரிந்தவரல்லர் என்பதை அண்மைக்கால ஆராய்ச்சி காட்டியுள்ளது. இந்துச் சட்டத்திற்கு ஆதாரமான ஸ்மிருதிகளுக்கும் உரைகளுக்கும் நெடுங்காலம் முற்பட்ட தோற்றமும் வரலாறும் சமணத்திற்கு உண்டு என்றார். மகாவீரர் புத்தரின் காலத்தவர் என்பதையும், அவர்க்கு முன்னரும் தீர்த்தங்கரர் பலர் இருந்ததாகச் சமணம் கூறுவதையும், வேதங்களின் அதிகாரத்தை அது ஏற்காமையையும் எடுத்துக்காட்டினார். பத்திரபாகு சங்கிதை, வர்த்தமான நீதி, ஹேமச்சந்திரரின் அருகந்நீதி எனச் சமணர்க்குத் தனிச்சட்ட நூல்கள் உள்ளன என்றும் பெயர் குறித்து எழுதினார்.

அடுத்து அவர் கூறியதே கருத்தின் உயிர்நிலை. பெரும்பான்மையோரோடு நெடுங்காலம் கலந்து வாழ்ந்தமையால் சமணர் அவர்தம் வழக்கங்கள் சிலவற்றை மேற்கொண்டிருக்கலாம். அதனை ஏதுவாகக் கொண்டு, சமணம் தனிச்சமயமாக நிலைபெற்றுப் பல நூற்றாண்டுகள் கழிந்தபின் விஞ்ஞானேசுவரர் போன்றோர் வளர்த்த சட்டத்தை மொத்தமாகச் சமணர்மீது சுமத்துவதும், அது தம்மைக் கட்டுப்படுத்தாது என மெய்ப்பிக்கும் பொறுப்பைச் சமணர்மீதே வைப்பதும் முறையாகா. முதலிற் சமணச் சட்ட நூல்கள் கூறுவது யாதெனக் காணவேண்டும். சமணர் அதனை விடுத்து இந்து வழக்கத்தைத் தழுவினர் என்று எவர் சொல்கின்றாரோ அவரே அதனை நிறுவவேண்டும். இதுவே அவர் கருத்து.

சுமையை இறக்கவேண்டிய தோள் எது, ஏற்றவேண்டிய தோள் எது என்பதை அவர் தெளிவாகச் சுட்டிவிட்டார். எனினும் பிரிவி கவுன்சிலின் தீர்ப்புகள் அவரைக் கட்டுப்படுத்தின. கீழ்ப்பட்ட நீதிமன்றம் மேற்பட்ட நீதிமன்றத்தின் முடிவை மாற்றவியலாது. ஆகவே அவர் கூறியது கருத்தாகவே நின்றது, சட்டமாகவில்லை. தம்மாற் கடக்கவியலாத வரம்பை ஒப்புக்கொண்டு, அவ்வரம்பு தவறான இடத்தில் இடப்பட்டுள்ளது என்பதையும் பதிவுசெய்தார்.

இதனை எழுதியவர் யார் என்பதையும் எண்ணவேண்டும். மிதாட்சரம் அவர் குடிக்குரிய சட்டம். திதியும் பிண்டமும் அவர் இல்லத்துச் சடங்குகள். தம் மரபின் நூல் பிறர்மீது காரணமின்றி ஆட்சி செலுத்துவதை அம்மரபில் வந்த ஒருவரே தடுத்துரைத்தமை எளிய செயலன்று. சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முன்சீபு 1880இல் கேட்ட வினாவினாலன்றோ உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை எடுத்து, கும்பகோணத்துச் சமணரிடம் ஐயந்தெளிந்து, 1887இல் அச்சேற்றினார்! பிற சமயத்து நீதிபதி ஒருவரின் வினா நம் காப்பியத்தை மீட்டது. மற்றொருவரின் எழுத்து நம் தனித்தன்மையை நீதிமன்ற ஏட்டில் பொறித்தது.

பின் விளைந்தவை

சாஸ்திரியார் 1930ஆம் ஆண்டு பதவியினின்று ஓய்வு பெற்று, 1934ஆம் ஆண்டு மறைந்தார். அவர் எழுதியதோ மறையவில்லை. 1939இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி ரங்கனேக்கர், சமணர் முதலில் இந்துக்களாயிருந்து பின்னர் மாறினர் என்பது பிழை எனத் தாமும் எழுதினார். அவரும் பழந்தீர்ப்புகளின் கட்டுக்குள்ளேயே நின்றார். சமணத்தின் தனிநிலை பற்றிய வாதம் எழும்போதெல்லாம் சென்னையில் எழுதப்பட்ட அக்கருத்து வழக்கறிஞர்களுக்குக் கைவிளக்காயிற்று.

விடுதலைக்குப் பின் 1956ஆம் ஆண்டு இயற்றிய இந்து வாரிசுரிமைச் சட்டமும், இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டமும் சமணர், பௌத்தர், சீக்கியர் ஆகியோர்க்கும் உரியனவாயின. அச்சட்டங்களின்படி கைம்பெண் தனக்குக் கிடைத்த சொத்திற்கு முழு உரிமையுடையவள்; எவர் இசைவுமின்றித் தானே தத்தெடுக்கவும் உரியவள். பழைய சமணச் சட்ட நூல்கள் நம் பெண்டிர்க்கு வழங்கியிருந்தவற்றையும், மெய்ப்பிக்கவேண்டும் என நீதிமன்றங்கள் வற்புறுத்தியவற்றையும், புதிய சட்டம் இந்துப் பெண்டிர் அனைவர்க்கும் வழங்கிற்று. நம்மை அவர்கள் சட்டத்திற்குள் இழுத்தனர். இறுதியில் நம் நூல்கள் கண்ட நீதியே அனைவர்க்கும் பொதுவாயிற்று. 2014ஆம் ஆண்டு நடுவணரசு சமணரைச் சிறுபான்மைச் சமயத்தாராக அறிவித்தது. சமயத்தால் தனியர், குடும்பச் சட்டத்தால் உடன்பட்டோர் என்பதே இன்றைய நிலை.

நாம் கொள்ளவேண்டியவை

ஒருவர் வாழ்வில் ஓர் ஏடு இருண்டும் மற்றோர் ஏடு ஒளிர்ந்தும் காணப்பட்டால் எதனைக் கொள்வது? ஒன்றைக் காட்டி மற்றதை அழித்தல் ஏகாந்தப் பார்வை. ரௌலட் அறிக்கையில் அவர் இட்ட கையொப்பத்தை 1927ஆம் ஆண்டுத் தீர்ப்பு துடைத்துவிடாது. பஞ்சாபில் மாண்டவர் உயிர் நம் நன்றியால் மீளாது. அவ்வாறே அத்தவறு, நம்மைக் குறித்து அவர் எழுதிய உண்மையைப் பொய்யாக்கிவிடாது. வினைகள் ஒவ்வொன்றும் தத்தம் பயனைத் தனித்தனியே தரும் என்று நம் ஆசாரியர் கற்பித்தனர். இரண்டையும் அவையவற்றின் அளவில் அறிந்து நிற்பதே நற்காட்சி.

மற்றொரு பாடமும் உண்டு. நம் முன்னோர்க்கு உரிமை இருந்தது. அதனைக் காட்டும் எழுத்து கையில் இல்லாமையால் பலர் இழந்தனர். நீதிபதி நூல்களின் பெயரைக் குறித்து எழுத முடிந்தது, அந்நூல்களைச் சமணர் ஏட்டில் காத்து அச்சிற் கொணர்ந்தமையால்தான். இன்று வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பகுதிகளின் சிற்றூர்களில் மூத்தோர் உள்ளத்தில் மட்டும் வாழும் வழக்காறுகள் எத்தனையோ உள. திருமணச் சடங்கு, நோன்பு, ஈமக்கடன், கோயில் உரிமை ஆகியவற்றை அவர்களிடம் கேட்டு எழுதிவைத்தல் இளைஞர் கடமை. மேல்சித்தாமூர் மடத்திலும் இல்லங்களிலும் உள்ள ஓலைச்சுவடிகளைப் படியெடுத்துக் காத்தல் செல்வர் கடமை. இன்றைய சட்டத்தில் அவற்றால் சொத்துரிமை பெரிதும் மாறாது. ஆனால் நாம் யார் என்று எதிர்காலத்தில் எவரேனும் வினவும்போது, மெய்ப்பிக்கும் சுமை நம் மக்கள் தோளில் வெறுங்கையோடு இறங்கலாகாது.

வீரப்பெருமான் பிறந்த இந்நன்னாளில், அருகன் திருவடிகளை வணங்கி, நமக்காக உண்மை உரைத்த பிற சமயத்துச் சான்றோர் அனைவரையும் நன்றியோடு நினைவோமாக.

வாழ்க அறம்! வளர்க வாய்மை!